மீட்டர் காட்டிய ஜீரோ

அண்ணிக்கு நாங்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. உருக்காலையில் நானூறு பேர் வேலை பார்த்தோம். நானூறு பேரும் அப்படித்தான் சொன்னோம். வீட்டில் அண்ணனும் சொல்வார். அண்ணியிடமே நேராகச் சொன்னாலும், "ஆமா, பயந்தாங்கொள்ளிதான். அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பார். கோபப்படாத ஆளைச் சீண்டுவதில் என்ன ருசி இருக்கிறது? இருந்தும் விடமாட்டோம். அதில் முதல் ஆள் நான்.

வாயு அளக்கிற கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. உலையிலிருந்து கிளம்புகிற புகையில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற பெட்டிகள் எங்கள் ஆலையில் ஆறு இருந்தன. அனலைசர் என்போம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறைக்குள், உலைக்குழாயை ஒட்டி இருக்கும். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய அளவு அறை. பெரிய குழாயிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் வாயுவை உள்ளே கொண்டுவரும். அது வடிகட்டியில் தூசியை விட்டுவிட்டு, ஈரத்தை ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டுவிட்டு, பெட்டிக்குள் போய் அளவு காட்டிவிட்டு, கூரைக்கு மேலே நீட்டியிருக்கும் குழாய் வழியாக வெளியே போய்விடும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் வாயு அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. "எல்லாம் ஒழுங்கா இருந்தா என்னை எதுக்குக் கூப்பிடறாங்க?" என்பார் அண்ணி.

அந்த வாயுவில் கால்வாசி கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. கொஞ்சம் தலைவலிக்கும், கொஞ்சம் தூக்கம் வரும், கால் துவளும், அவ்வளவுதான். "பாம்புகூட சீறிட்டுத்தான் கொத்தும். இது அந்த மரியாதைகூடக் குடுக்காது" என்று அண்ணி சொல்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவர் கண்ணெதிரே இரண்டு பேரை ஒரு அறையிலிருந்து தூக்கி வந்தார்களாம். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தவர். இன்னொருவர் அவரைத் தூக்க ஓடியவர். இரண்டாவது ஆளின் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது என்று மட்டும் ஒருமுறை சொன்னார். மேற்கொண்டு கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டிலும் அந்த பயம் கூடவே வந்தது. குளியலறையில் கேஸ் ஹீட்டர் மாட்டிய அன்றைக்கே ஜன்னலில் இரண்டு கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். "சுடுதண்ணியில குளிக்கலாம்னு ஹீட்டர் வாங்கினேன். ஹீட்டர் இருக்கறதால ஜன்னல் கூடாதுங்கறா. நான் பாட்டுக்குப் பச்சைத்தண்ணியில குளிச்சிருப்பேன், பணமாவது மிஞ்சியிருக்கும்" என்று அண்ணன் பல் கிட்டக்கிட்டப் புலம்புவார். மகள் குளிக்கப் போனால் அண்ணி கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண் உள்ளேயிருந்து சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே குளிக்க வேண்டும். குரல் நின்றால் கதவு இடிபடும். எங்கள் தெருவிலேயே பதினாறாம் வாய்ப்பாடு தடுக்காமல் சொல்கிற ஒரே பிள்ளை அவள்தான்.

நான் பைப் பிட்டர். அண்ணியின் வேலைக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும்: உள்ளே ஒருவர், கதவுக்கு வெளியே ஒருவர். வெளியே நிற்கிறவன் குழாய் மூட்டுகளைக் கழற்றிக் கொடுக்கலாம், சாமான் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அவன் உண்மையான வேலை, உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் விழுந்தால் உள்ளே ஓடக்கூடாது. வெளியே உள்ள வால்வை மூட வேண்டும், வாக்கிடாக்கியில் கூப்பிட வேண்டும், மூச்சுக் கருவி மாட்டிய ஆட்கள் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஆறு வருடம் நான்தான் அந்த வெளியாள். அண்ணி என்னைத்தான் கேட்டு வாங்கினார். சொந்தக்காரன் என்பதாலா என்று ஒருமுறை கேட்டேன். "உன் அண்ணனுக்கு நீ பதில் சொல்லணுமில்ல, அதனாலதான்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அதை ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. பத்து நிமிட வேலைக்கு அண்ணி முக்கால் மணி நேரம் எடுப்பார். முதலில் கதவைத் திறந்து பத்து நிமிடம் சும்மா நிற்பார். பிறகு அறைக்குள் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, பலகையில் செருகிய தாளில் பென்சிலால் நேரம் எழுதுவார். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு வரி: கதவு திறந்தது இத்தனை மணி, வால்வு மூடியது இத்தனை மணி, மின்சாரம் நிறுத்திப் பூட்டுப் போட்டது இத்தனை மணி. பூட்டின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். அப்புறம்தான் பெட்டியின் மூடியில் கை வைப்பார். மழையோ வெயிலோ நான் வெளியே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவர் காதில் விழும்படியே முணுமுணுப்பேன். "இருட்டாவது கண்ணுக்குத் தெரியுது" என்பார்.

இனி அந்த மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைக்கு அடக்கமான சின்ன மீட்டர்; சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். காற்றில் அந்த வாயு இருந்தால் எவ்வளவு என்று எண் காட்டும், அளவு மீறினால் கத்தும். அதை ஆன் செய்ததும் "ஜீரோ வைக்கட்டுமா?" என்று கேட்கும். சுத்தமான காற்றில், ஒர்க்ஷாப் வாசலில் திறந்த வெளியில் நின்றுதான் பொத்தானை அமுக்க வேண்டும். ஏனென்றால் அமுக்குகிற நேரத்தில் சுற்றி இருக்கிற காற்றைத்தான் அது சுத்தம் என்று நம்பிக்கொள்ளும். விஷம் கலந்த இடத்தில் நின்று அமுக்கினால், அந்த விஷத்தையே ஜீரோ என்று கணக்கு வைத்துக்கொள்ளும். காய்கறித் தராசின் தட்டில் கல்லை வைத்துவிட்டு, முள்ளை நடுவில் திருப்பிவிடுகிற மாதிரி. அதற்கப்புறம் அந்தத் தராசு சொல்வதெல்லாம் பொய்.

எனக்கு இது தெரியாதா? அண்ணி நூறு தடவை சொல்லியிருக்கிறார். தெரிந்தும், சோம்பல்பட்டு, போகிற இடத்துக்குப் போய் அமுக்குவேன். ஐந்தாறு தடவை அப்படிச் செய்திருப்பேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் எனக்கு தைரியம் வந்தது. அந்த தைரியம்தான் கடைசியில் என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது.

அன்றைக்குத் திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. மூன்றாம் உலையின் அனலைசர் தப்பாகக் காட்டுகிறது என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து சனிக்கிழமையே புகார் வந்திருந்தது. வாயுவில் ஆக்சிஜன் இருக்கக்கூடாத அளவுக்கு ஏறியிருந்தது, கார்பன் மோனாக்சைடு குறைந்திருந்தது. அண்ணி தாளைப் பார்த்ததுமே, "எங்கயோ வெளிக்காத்து கலக்குது. வடிகட்டியில ரப்பர் வாஷர் போயிருக்கும்" என்றார். இருந்த இரண்டு மீட்டரில் ஒன்று சோதனைக்குப் போயிருந்தது. மீதி ஒன்றை என் கையில் கொடுத்து, "ஜீரோ பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு வாஷர் எடுக்க ஸ்டோருக்குப் போனார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்த அறைக்கு ஓடினேன். கதவைத் திறந்தேன். இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த அறை. வாசல்படியில் நின்றால் மீட்டர் நனையும் என்று ஒரு எட்டு உள்ளே வைத்தேன். ஆன் செய்தேன். ஜீரோ வைக்கட்டுமா என்று கேட்டது. அமுக்கினேன். ஜீரோ என்று காட்டியது. வெளியே வந்து நின்றேன்.

எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அறையில் சனிக்கிழமையிலிருந்தே வாயு தேங்கியிருந்தது. கூரைக்கு மேல் போகிற குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. வெளியே போக வேண்டிய வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே கசிந்திருக்கிறது. இதெல்லாம் மறுநாள் கூரைமேல் ஏறிப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அண்ணி வந்தார், மீட்டரை வாங்கிச் சட்டையில் மாட்டிக்கொண்டார். கதவு தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தார். அறைக் காற்றை வெளியே தள்ளுகிற சுவர்க் காற்றாடி ஒரு வாரமாக ஓடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று எலக்ட்ரீஷியன் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் மழையில் நின்றோம். நான் பொருமிக்கொண்டே நின்றேன். பிறகு வால்வை மூடி, பூட்டுப் போட்டு, உள்ளே போனார். வடிகட்டியைக் கழற்றினார். அவர் சொன்னபடியே வாஷர் வெடித்திருந்தது. புதியதைப் போட்டார். அதுவரை கதவு திறந்துதான் இருந்தது, அறைக்குள் காற்று வந்தது, ஒரு ஆபத்தும் இல்லை.

பிறகு பூட்டை எடுத்து மின்சாரத்தைக் கொடுத்தார்; இனி வாயுவைத் திறந்துவிட்டு, கசிவு நின்றதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் காற்று திசை மாறி, மழைச்சாரல் நேராக உள்ளே அடித்தது. பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே மின்சாரப் பலகைகள். அண்ணி முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு முழுக்க நனைந்துவிட்டது.

"கதவ சாத்திக்கோங்க அண்ணி, கண்ணாடி வழியா நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் யோசித்தார். கதவைச் சாத்துவது அவருக்குப் பிடிக்காது. மீட்டரைப் பார்த்தார். குனியும்போது இடிக்கிறது என்று அதைக் கழற்றிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார். ஜீரோ.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இத எங்க வெச்சு ஜீரோ பண்ண?"

அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது, அதனால் கேட்டார். நான் மழையில் ஊறிப்போய், குளிரில் நடுங்கிக்கொண்டு, எப்போது முடியும் என்று எரிச்சலோடு நின்றிருந்தேன். உள்ளே வைத்துச் செய்தேன் என்றால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு என்னை ஒர்க்ஷாப் வாசலுக்கு அனுப்புவார். திரும்பி வந்ததும் மறுபடி இருபது நிமிடம். கூடவே அந்தப் பார்வை.

"வெளியிலதான்" என்றேன்.

"வெளியிலன்னா?"

"ஒர்க்ஷாப் வாசல்லதான் அண்ணி. எத்தனை தடவைதான் கேப்பீங்க?"

தலையை ஆட்டினார். தாளில் நேரம் எழுதினார். என்னிடம், "வால்வத் திற" என்றார். திறந்தேன். அவர் செங்கல்லைக் காலால் தள்ளினார். கதவு மூடிக்கொண்டது.

முதல் இரண்டு நிமிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாடா என்றிருந்தது. கதவின் மேல்பாதியில் ஒரு கண்ணாடி. அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையால் துடைத்துத் துடைத்து உள்ளே பார்த்தேன். அண்ணி பெட்டியின் எண்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். ஆக்சிஜன் இறங்கிவிட்டது போலிருக்கிறது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ மண்டியிட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் தண்ணீர் பாட்டிலை உற்றுப் பார்த்தார். அதில் குமிழி வந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பாட்டிலுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவ ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டிலில் குமிழி வரக்கூடாது. ஆறு வருடம் வெளியே நின்றவனுக்கு அந்த அளவுக்குத் தெரியும். மேலே போக வேண்டிய வாயு வழி கிடைக்காமல் கீழே வருகிறது. அண்ணிக்கும் அது தெரியும். ஆனால் அவர் தலையைத் திருப்பி ஆணியில் தொங்கிய மீட்டரைப் பார்த்தார். அது ஜீரோ என்றிருக்க வேண்டும். மறுபடி குனிந்துகொண்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே கதவைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு நானே பேசிக்கொண்டேன். ஐந்தாறு தடவை செய்தாயே, என்ன ஆச்சு? இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடும்? கதவு இருபது நிமிடம் திறந்திருந்ததே. இன்னும் ரெண்டு நிமிடத்தில் அவரே வெளியே வந்துவிடுவார். வந்தபின் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்போது சொன்னால், தப்பு செய்ததோடு, நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன் என்றும் ஆகிவிடுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனி இலையை மடித்துவிட்டு எழுந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. கண்ணாடியைத் துடைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி துடைத்தேன். மழைக்கோட்டுக்குள் எனக்கு வியர்த்தது.

அண்ணி பென்சிலைக் கீழே போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். இந்தத் தடவை எடுக்கவில்லை. பென்சில் எங்கே போயிற்று என்று தேடவும் இல்லை. நெற்றியைப் புறங்கையால் அழுத்திக்கொண்டார். நான் கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் சொல்லி விளக்க முடியாது. வேலை நேரத்தில் அண்ணி சிரித்து நான் பார்த்ததில்லை. குழந்தையைத் தூக்கத்தில் எழுப்பினால் யார் என்ன என்று தெரியாமல் சிரிக்குமே, அப்படிச் சிரித்தார். 

கதவைத் திறந்தேன். "அண்ணி, வெளிய வாங்க!"

"இரு... முடிஞ்சுது" என்றார். நாக்கு குழறியது. "ஒரு மூட்டுதான்..."

"அது அப்புறம் பாத்துக்கலாம். எழுந்து வாங்க!"

"ஏன் கத்தற? ஜீரோதானே இருக்கு." கையைத் தூக்கி மீட்டர் பக்கம் காட்டினார். கை பாதியிலேயே கீழே விழுந்தது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு எட்டுதான் இருந்தது. கால் தானாக உள்ளே போகப் பார்த்தது. போயிருந்தால் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கியிருப்பார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. மறுகையால் வால்வை மூடினேன். வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்; ஐந்து நிமிடம் என்றார்கள். அவருக்கு ஐந்து நிமிடம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவராக எழுந்து வந்தால்தான் உண்டு. அவரோ வரமாட்டேன் என்கிறார். இருபது வருடமாக எதையும் நம்பாதவர், இன்றைக்கு மீட்டரை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மீட்டரையா நம்பினார்? என்னைத்தானே நம்பினார்!

"அண்ணி! பொய் சொல்லிட்டேன்! உள்ள வெச்சுதான் ஜீரோ பண்ணேன்! இங்கதான், இந்த ரூமுக்குள்ளதான்!"

அவர் என்னைப் பார்த்தார். சொன்னது அவருக்குள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்ததை மட்டும் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து அப்படியே இறங்கிப்போனது. அண்ணி முகத்தில் நான் எத்தனையோ தடவை பார்த்துக் கேலி செய்த அந்த பயம் திரும்பி வந்தது. தலையைத் தூக்கி எங்கேயோ மேலே பார்த்தார். பிறகு பக்கவாட்டில் சரிந்து, முழங்கையை ஊன்றி, இழுத்து இழுத்து வாசலை நோக்கி வந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. மூன்றாவது இழுப்பில் தலை தரையில் பட்டுவிட்டது. கை மட்டும் நீண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் வெளியே ஊன்றியபடி குனிந்து மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்தேன். மழைக்குள் இழுத்துப் போட்டேன்.

கண் பாதி திறந்திருந்தது. மழைத்துளி கண்ணுக்குள் விழுந்தும் இமைக்கவில்லை. "அண்ணி, பேசுங்க, பேசுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். மூச்சுக் கருவி ஆட்கள் வந்து, என்னைத் தள்ளிவிட்டு ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அவர் விரல் அசைந்தது.

ஆஸ்பத்திரியில் மதியம் வரை என்னை உள்ளே விடவில்லை. நடைபாதையில் ஈரத்துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார், தலைச்சுற்றல் கொஞ்ச நாள் இருக்கும், இன்னும் சில நிமிடம் உள்ளே இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பல் மட்டும் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அண்ணி பிழைத்துவிட்டார் என்றதும் எனக்கு வந்த அடுத்த நினைப்பு, நான் கத்தியது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்பது. மனுஷன் எவ்வளவு கேவலமானவன் பாருங்கள்.

அண்ணன் வந்தார். அவர் தையல்காரர். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. எடுக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறார். இரண்டு பேரும் உள்ளே போனோம். அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. முழங்கை இரண்டிலும் தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது. அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் அங்க இல்லன்னா என்னடா ஆயிருக்கும்? ஆலையில எல்லாரும் சொன்னாங்க. நீதான் இழுத்துப் போட்டியாமே. உன்ன நம்பித்தான்டா நான் இவள வேலைக்கு அனுப்பறேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றேன். அண்ணி முகமூடிக்கு மேலே இருந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா பார்த்தார், மீட்டரைப் பார்க்கிற மாதிரி. அவர் சொல்லமாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இது இங்கேயே முடிந்துவிடும். அண்ணன் சாகும்வரை என் கையைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார். அதை நினைத்தபோது, அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது வந்த அதே பயம் மறுபடி வந்தது.

"அண்ணா, நான் காப்பாத்தல. என்னாலதான் இப்படி ஆச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். மழையை, மீட்டரை, அவர் கேட்டதை, நான் சொன்ன பதிலை. அண்ணனுக்கு வாயு தெரியாது, மீட்டர் தெரியாது. தராசுக் கணக்காகச் சொன்னதும் புரிந்துவிட்டது. என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது.

"அவ கேட்டா. நீ பொய் சொன்ன" என்றார்.

"ஆமாண்ணா."

"அப்புறம் நீயே உண்மைய சொன்ன."

"ஆமா."

"நடுவுல எவ்வளவு நேரம்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பதினோரு நிமிஷம்" என்றேன்.

கட்டிலில் சத்தம் கேட்டது. அண்ணி முகமூடியை ஒரு கையால் தூக்கியிருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"பன்னெண்டு" என்றார். "நீ கத்தினப்போ மணியப் பாத்தேன்."

முகமூடியைத் திரும்ப வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் என் கையை விட்டுவிட்டார். தள்ளவில்லை, உதறவில்லை, விட்டுவிட்டார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

அண்ணி ஒன்றரை மாதம் கழித்து அதே வேலைக்குத் திரும்பப் போனார். கதவுக்கு வெளியே இப்போது வேறு ஆள் நிற்கிறார். அண்ணன் வீட்டுக்குப் போனால் எனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு வைக்கிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான்தான் ராத்திரி பகல் என்று பார்க்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கைக்கடிகாரத்தை அத்தனை தடவை பார்த்தவன் நான். அந்த ஒரு நிமிடத்தை உண்மையிலேயே தவறவிட்டேனா, இல்லை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் ஒரு நிமிடத்தைக் குறைத்துத்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்தால் எனக்கு பயமாக இருக்கிறது.